முட்டிக்கு முட்டி

கண்ணாடியில் துளை கிடையாது.
அதைத் துணியில் நிறுத்த வேண்டும்.
ரூப்ளி பாய் சொன்ன பாடம் இவ்வளவுதான்,
அதுவும் பாதி தெலுங்கில்.

பேரணாம்பட்டு ஷூ கம்பெனி,
மேல்தோல் தைக்கும் நாலாவது லைன்.
அவள் வி.கோட்டா பக்கத்துத் தாண்டாவிலிருந்து
மலைப்பாதை இறங்கி வருவாள்.
சாராயப் பாக்கெட் தேடி
பத்தலப்பல்லி செக்போஸ்டில் பஸ்ஸை நிறுத்தினால்
அவளுக்கு அரைநாள் கூலி போச்சு.
எனக்குச் சைக்கிள் தூரம்.

சாப்பாட்டுக்கு இருபது நிமிஷம்.
தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்
கவிழ்த்த பசை டின் இரண்டு.
ஒன்றில் அவள், எதிரே நான்,
முட்டிக்கு முட்டி இடிக்க.
அவள் மடியில் யார் கல்யாணத்துக்கோ ஒரு காஞ்சளி.
என் மடியில் வெட்டி எறிந்த லைனிங் துணி.

சொல்லித்தர மாட்டேன் என்றாள்.
பார்த்தால் காசு கேட்க மாட்டேன் என்றாள்.

குறுக்கே இரண்டு இழை, நெடுக்கே இரண்டு,
கிணற்று மேல் போட்ட கட்டைகள் மாதிரி.
அடியில் கண்ணாடி,
அதற்குள் மாட்டிக்கொண்ட என் மூக்கு.
பிறகு அந்தக் கட்டைகளைப் பிடித்து இழுத்து
வட்டமாக ஒரு சுற்று.
ஏக், தி, தீன் என்று அவள் எண்ண
ஒண்ணு, ரெண்டு, மூணு என்று நான் எண்ண
பதினொன்றில் மணி அடித்துவிடும்.

பதிலுக்கு அவள் கேட்டது
கூலிச் சீட்டைப் படிக்க.
இது தேதி, இது ஜோடி, இது கழிவு.
கழிவைத்தான் சீக்கிரம் பிடித்துக்கொண்டாள்.
ஆறாவது நாள் சீட்டோடு எழுந்து போய்
சூப்பர்வைசர் மேஜை முன் நின்று
நாற்பது ஜோடி எங்கே என்றாள்,
தமிழில்,
என் இழுவையோடு.
லைன் முழுக்க மெஷின் நின்றது.
என்னுடையதும் நின்றது.
நான் எழுந்திருக்கவில்லை.

ஏழாவது நாள் அவள் டின் மேல்
யாரோ டிபன் பாக்ஸ் வைத்திருந்தார்கள்.

என்னிடம் இருந்தது முக்கால் வட்டம்.
முடிச்சை எங்கே போடுவாள் என்று தெரியாது.
அவள் விட்டுப்போன மாதிரித் துண்டைப்
புரட்டிப்போட்டுப்
பின்பக்கமாகப் பிரித்தேன், ஒரு ஞாயிறு முழுக்க,
கோயிலுக்கும் போகாமல்.
முடிச்சே இல்லை.
நூல் தான் வந்த வழியில் திரும்பித்
தன் அடியிலேயே நுழைந்து படுத்திருந்தது.
பாடம் கிடைத்தது. துண்டு போய்விட்டது.

இரண்டு வருஷம் கழித்து
வி.கோட்டா சந்தையில், தக்காளிக் கூடைகளுக்கு நடுவே
ஒருத்தி என் பையைப் பிடித்து நிறுத்தினாள்,
முழங்கைக்கு மேலும் வளையல் போட்டவள்.
ஒரு கண்ணாடியை விரலால் சுற்றிப் பார்த்தாள்.
எதிரே உட்கார்ந்தா பார்த்தே?
ஆமாம்.
இடதுகைக்காரியை?
ரூப்ளி பெயரைச் சொன்னேன்.
பெங்களூர், கட்டட வேலை என்றாள்,
பீன்ஸ் விலை சொல்வதுபோல.
உன்னோடது புரண்டு ஓடுது.
தப்பா என்று நான் கேட்பதற்குள்
ஏலம் ஆரம்பித்துவிட்டது.

இப்போது நாலாவது லைனில் ஐந்து பேருக்கு
என் வட்டம் வரும்.
பைபிள் உறை, செல்போன் பை,
ஒருத்தி புருஷனின் லாரிக்குத் திரைச்சீலை.
எல்லாம் புரண்டு ஓடுகிறவை.

போன மாதம் நஸ்ரீன் சேர்ந்தாள்.
என்னைவிட மூன்று வயது மூத்தவள்,
உருது மட்டும் படித்தவள்.
கத்தரிக்கோல் கைக்குப் பொருந்தாமல்
தினமும் திட்டு வாங்குவாள்.
எதிர் டின்னில் வந்து உட்கார்ந்தாள்.
முட்டி இடித்தது.
சொல்லித்தர மாட்டேன் என்றேன்.

மணி அடித்ததும்
அவள் துணியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தேன்.
அந்த வட்டம்
என்னோடு வராமல்
மலைக்கு அந்தப் பக்கத்துக்காரி ஓட்டிய திசையில்
ஓடிக்கொண்டிருந்தது.

தப்பா பியூலா? என்றாள்.
லைனுக்கு நேரமாச்சு என்றேன்.
ஊசியில் நூல் கோக்க
அன்றைக்கு எனக்கு மூன்று தடவை ஆயிற்று.

சாயந்திரம் கேட் பக்கத்தில் நிறுத்தி,
அவள் கேட்காமலே,
கூலிச் சீட்டை விரித்துக் காட்டினேன்.
இது தேதி.
இது ஜோடி.